வைகாசியில் வெட்டிய ஜேட் செடி

1

என் வீட்டுக்காரர் முருகேசன் போய் இந்த ஆவணியோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. திதி கொடுக்க இந்த ஊரில் ஐயர் இல்லை. ஆறு இருக்கிறது, ஆனால் அதில் இறங்கி முழுக்குப் போட்டால் எனக்கும் சேர்த்து அடுத்த வருடம் யாராவது திதி கொடுக்க வேண்டியிருக்கும். அவ்வளவு குளிர். அதனால் அவருக்குப் பிடித்த வெல்லப் பலகாரமான கச்சாயம் சுட்டு, படத்துக்கு முன்னால் இலை போட்டு வைத்துக் கும்பிட்டேன். இலை என்றால் வாழையிலை அல்ல, கடையில் விற்கும் காகிதத் தட்டு. அவர் இருந்திருந்தால் அதற்கும் ஏதாவது கிண்டல் சொல்லியிருப்பார்.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடியில், இன்வர்கார்கில் என்ற ஊரில். இதற்குக் கீழே கடல், அதற்கும் கீழே பனிக்கட்டி, அவ்வளவுதான். ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். பிறந்தது கொல்லிமலையில், பெரக்கரை நாடு என்ற மலையூர்ப் பகுதியில். படித்தது சேலத்தில். விரும்பிக் கட்டிக்கொண்டது மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரரை. இங்கே வந்து பதினெட்டு வருடமாகிறது. ஊரிலிருந்து யாராவது போனில் கூப்பிட்டால் முதலில் கேட்பது, “அங்க இப்ப மணி என்னங்க?” என்றுதான். மாதம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

2

இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம் அவர் கடையிலிருந்து ஒரு சின்னத் தொட்டி வாங்கிவந்தார். அதில் விரல் உயரத்துக்கு ஒரு செடி இருந்தது. தடித்த, வழவழப்பான, பருப்புக்கீரையைப் பெரிதாக்கியது போன்ற இலைகள். ஜேட் செடி என்று கடையில் சொன்னார்களாம். எங்கள் பக்கம் இதைப் பார்த்ததில்லை. வீட்டின் பின்பக்கம் வெயிலுக்காகக் கண்ணாடி வைத்து அடைத்த ஒரு அறை உண்டு. அதில் வைத்தார். நாங்கள் இருவரும் வேலைக்கு ஓடிய வருடங்களில் அது தன் பாட்டுக்கு வளர்ந்தது. தொட்டி மாற்றி, தொட்டி மாற்றி, கடைசியில் அண்டா அளவு தொட்டிக்கு வந்து சேர்ந்தது. அடிமரம் என் மணிக்கட்டுப் பருமன் ஆகிவிட்டது.

ஆனால் வளர்ந்த லட்சணம் எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாக் கிளைகளும் கண்ணாடியை நோக்கி ஒரே பக்கமாக ஓடின. நடுவில் மொட்டை. கனம் தாங்காமல் சாய்ந்த கிளைகளுக்கு அவர் துணி கிழித்து முட்டுக் கட்டி வைத்திருந்தார். மலையில் காபிச் செடியையும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தையும் பார்த்து வளர்ந்தவள் நான். வருடத்துக்கு ஒருமுறை கிளை கழிக்காத மரம் என் கண்ணுக்கு எண்ணெய் காணாத தலை போலத்தான் தெரியும். கத்தியை எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் அவர் குறுக்கே வந்து நிற்பார்.

“மலைக்காரிக்கு மரத்தக் கண்டாலே கை ஊறுது. உட்டுப்போடு சாமி. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

“நுனியக் கிள்ளுனாத்தானுங்க பக்கத்துல துளுக்கும். சும்மா நீளுறதெல்லாம் வளத்தியா?”

“நானும் நீயும் நீண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கறம். நம்மள யாரு கிள்ளுனாங்க?”

கத்தியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிடுவேன். அவர் பால் பவுடர் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, காலையில் அந்தச் செடி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிப்பார். போன ஆவணியில், அதே நாற்காலியில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

3

எங்களுக்கு ஒரே மகள். தேன்மொழி. இங்குள்ளவர்களுக்கு அவள் ‘தென்’. கிறைஸ்ட்சர்ச்சில் வேலை. காரில் வந்தால் ஒரு பகல் பயணம்.

அவளுடைய தமிழ் முழுக்க அவள் அப்பாவின் தமிழ். வேறு எங்கிருந்தும் கற்கவில்லை என்பதால் அதில் காளப்பநாயக்கன்பட்டியைத் தவிர எதுவும் கிடையாது. ‘ஊடு’ என்பாள், ‘வாரேன்’ என்பாள். பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை பொங்கல் விழாவுக்குக் கூட்டிப்போனோம். அங்கே வந்திருந்த ஒரு குடும்பம் அவள் பேசியதைக் கேட்டுச் சிரித்துவிட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை, ஆசையாகத்தான் சிரித்தார்கள். “இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார்கள். அவள் சொல்லவில்லை. அதன் பிறகு அப்பாவிடம் மட்டும்தான் தமிழ். என்னிடம் இங்கிலீஷ் வந்துவிட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் சொல்வாள். எங்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருப்பார்.

அவர் போனபின் ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் மிஞ்சியது. சாப்பிட்டியா, ம். வேலை எப்படி, ம். எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும். காரியம் முடிந்து கிளம்பியவள் அதன் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. வா என்று கூப்பிட எனக்கும் ரோஷம். பெற்ற பிள்ளையிடம் என்ன ரோஷமோ.

இந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச்செல்லாம் முடிந்து வைக்கப்போகும் நேரத்தில் திடீரென்று தமிழில் கேட்டாள். “ம்மா, செப்டம்பர்ல அப்பாவுக்குச் சாமி கும்புடறதுக்கு ஊட்டுக்கு வாரேன். அப்பா செடிய நான் எடுத்துக்கட்டுமா?”

இந்த வீட்டிலிருந்து அவள் கேட்ட ஒரே பொருள் அது. அவர் வாட்ச்சைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். சட்டையைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். இதைக் கேட்டுவிட்டாள். போனை வைத்துவிட்டு நான் நேராகக் கண்ணாடி அறைக்குத்தான் போனேன். செடியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாவி மனுசன் வளர்த்துவைத்திருந்த அகலத்துக்கு அது எந்தக் காரின் கதவிலும் நுழையாது.

4

அவருடைய சாம்பலைக் கரைக்க ஊருக்குப் போயிருந்தபோது என் தம்பி சின்னுசாமி எனக்குக் கிளை வெட்டுகிற கவாத்துக் கத்தரி ஒன்று கொடுத்திருந்தான். காபித் தோட்டத்தில் அவன் பயன்படுத்தியது. சிவப்புப் பிடி, நடுவில் சுருள்வில். “அங்க செடி கிடி வெட்டறதுக்கு வெச்சுக்குங்க்கா” என்றான். திரும்பி வரும்போது இங்குள்ள விமான நிலையத்தில் அதைப் படிவத்தில் எழுதிக் காட்டினேன். மண், விதை, இலை எதுவும் இந்த நாட்டுக்குள் நுழையக் கூடாது. ஒரு அதிகாரி கத்தரியையும் என் செருப்பையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். செருப்பில் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது. நன்றாகக் கழுவி, துடைத்து, ஒரு பையில் போட்டு, நன்றி சொல்லிக் கொடுத்தார். அவ்வளவு மரியாதையாக யாரும் என்னிடமிருந்து எதையும் பறித்ததில்லை. காரில் உட்கார்ந்து சுத்தமான செருப்பைப் பார்த்து அழுதேன். நான் மட்டும் தனியாக உட்கார்ந்து அழுதேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, செடிக்கு வருகிறேன். வீடியோவில் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் அப்போது சில்வர் ஓக்கில் கிளை கழித்துவிட்டு மரத்தடியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பின்னால் மேகம் திரண்டு நின்றது.

“ஏனுங்க்கா, இதென்ன பருப்புக்கீரை மரமாயிட்டாப்பல இருக்குது?”

“உங்க மாமா வளத்தது. தேனு எடுத்துட்டுப் போறாளாம். புள்ள கொண்டுபோறப்ப நல்லா அடத்தியா, குடை கணக்கா இருக்கோணும் சாமி. எப்ப வெட்டறது?”

“இதுல என்னங்க்கா ரோசனை? வைகாசி பொறந்து வளர்பொறை வருதுல்லீங்க, அன்னைக்கிப் பண்ணிப்போடுங்க. மழை புடிச்சா ரெண்டே மாசத்துல துளுத்துக்கும். வெட்டுன எடத்துல சாணியும் செம்மண்ணும் கொழச்சு அப்பிப்போடுங்க.”

“சாணிக்கு நான் எங்க போறது?”

“நாடு பூரா மாடுன்னு சொன்னீங்க?”

“மாடு இருக்குது. சாணி கேட்டுப் போனா என்னைய ஆஸ்பத்திரில சேத்துருவாங்க.”

“அப்ப வெறும் சேத்த அப்புங்க. நல்லா தண்ணி கட்டுங்க.”

வைகாசி வளர்பிறையில் ஒரு விடுமுறை நாள் பார்த்து உட்கார்ந்தேன். ஸ்வெட்டர், அதற்கு மேல் கோட்டு, காலில் கம்பளி உறை. கண்ணாடிக்கு வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. கத்தரியை எடுத்தபோது கை தானாக வேலை செய்தது. கணு பார்த்து, கணுவுக்கு ஒரு விரல்கடை மேலே, சாய்வாக. உள்பக்கம் பின்னிக்கிடந்ததை முதலில், பிறகு நீண்டதை. அவர் கட்டியிருந்த துணிமுட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரு காரியத்தைச் சந்தோஷமாகச் செய்தேன். பாதிச் செடியைக் கழித்துவிட்டேன். வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் தோட்டத்துச் சேற்றைக் குழைத்து அப்பினேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்.

வெட்டிய கிளைகளைப் போட இங்கே நகராட்சி பச்சைத் தொட்டி கொடுத்திருக்கிறது. ஆனால் எங்கள் மலையில் கழித்த தழையை யாரும் வெளியே கொண்டுபோய்க் கொட்ட மாட்டார்கள். எந்த மரத்தில் கழித்தோமோ அந்த மரத்தடியிலேயே பரப்பிவிடுவோம். மக்கி அதற்கே எருவாகட்டும் என்று. நானும் செடி இருந்த தொட்டியைச் சுற்றிக் காகிதம் விரித்து, கிளைகளைத் தரையிலேயே பரப்பினேன். ஓடு பதித்த தரையில் எது மக்கும்? அதையெல்லாம் யோசிக்கவில்லை. செய்து முடித்தபோது, ஏதோ தோட்டத்து வேலை முடிந்து அம்மா சோறு போடக் கூப்பிடப்போகிறாள் என்பது போல இருந்தது.

5

துளிர் வரவில்லை. தினமும் வேலைக்குப் போகுமுன் பார்ப்பேன். மூன்றாவது வாரம் ஒரு வெட்டுவாயில் அப்பியிருந்த சேற்றைச் சுரண்டினேன். உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அடுத்த வாரம் இலைகள் தொட்டால் உதிர்ந்தன. அடிமரத்தை அமுக்கினால் விரல் உள்ளே போனது. அழுகல் வாடை அறை முழுக்க வந்துவிட்டது.

தம்பியைக் கூப்பிட்டேன். செடியைக் காட்டுவதற்கு முன்பே அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“ஏனுங்க்கா, மூட்டை கணக்கா இத்தன துணி போட்டிருக்கறீங்க? காச்சலுங்களா?”

“இல்ல சாமி. குளுரு.”

“ஆனி மாசத்துலயா?”

“இங்க இப்பத்தான் குளுருகாலம்.”

அவன் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். “அப்ப வைகாசில?”

“அப்பவும்தான்.”

“எனக்கு அது தெரியாதுங்க்கா,” என்றான். பிறகு, மிகவும் தணிந்த குரலில், “உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியும். பதினெட்டு வைகாசிகளாக இங்கே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் வைகாசியில் இரண்டாவது கம்பளி எடுத்துப் போர்த்துவதே நான்தான். கோட்டைப் போட்டுக்கொண்டு, உறைபனியைப் பார்த்துக்கொண்டு, மழைக்குத் துளிர்க்கும் என்று வெட்டியிருக்கிறேன். உடம்பு இங்கே வந்து சேர்ந்துவிட்டது. கை மட்டும் பெரக்கரை நாட்டிலேயே நின்றுவிட்டது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? “மறந்துட்டேன் சாமி” என்றேன்.

குளிரில் தூங்குகிற செடியை வெட்டி, காய வேண்டிய புண்ணில் ஈரச் சேற்றை அப்பி, தண்ணீரும் ஊற்றி நானே அழுகவிட்டேன். அன்றைக்குக் கண்ணாடி அறைக் கதவைச் சாத்தினேன். பிறகு அதைத் திறக்கவில்லை.

6

எனக்கு இருந்தது ஒரே பயம்தான். அவள் வருவது அந்தச் செடிக்காக. செடி இல்லை என்றால் எதற்கு வருவாள்? அப்பாவுக்குக் கும்பிட அவள் வீட்டிலும் சுவர் இருக்கிறது, படம் மாட்டிக்கொள்ளலாம்.

ஆடியில் ஒருநாள் செடிக்கடைக்குப் போனேன். என்ன நினைப்பில் போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வேறு ஒரு ஜேட் செடியை வாங்கி அந்தத் தொட்டியில் வைத்துவிடலாம், வெட்டியதால் சின்னதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாம் குடை கணக்காக, அடர்த்தியாக, நான் ஆசைப்பட்ட மாதிரியே இருந்தன. ஒன்றைக் கையில் எடுத்தேன். அதன் அடிமரம் பென்சில் பருமன்கூட இல்லை. அப்பாவின் செடியில் எந்தக் கிளை எந்தப் பக்கம் வளைந்தது என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அதன் இலைகளில் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து அவரிடம் திட்டு வாங்கியவள். செடியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் “ம்” சொல்லத் தொடங்குவதற்கு முன் சொல்லிவிட்டேன்.

“தேனு, அப்பா செடி செத்துப்போச்சு.”

“எப்படி?”

“நான் வெட்டுனேன். காரில நொழையாதேன்னு, அடத்தியா வரட்டும்னு வெட்டுனேன். காலம் தப்பிப் போச்சு.”

“அப்பா இத்தன வருசம் ஒரு எலையத் தொட உட்டதில்ல. அவரு போயி ஒரு வருசம்கூட ஆகல...” பாதியிலேயே போனை வைத்துவிட்டாள்.

திட்டியதுகூடத் தமிழில்தான் திட்டினாள் என்பது போனை வைத்தபிறகுதான் உறைத்தது. அடுத்த ஞாயிறு போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். ஞாயிறு தோறும் உதட்டுச்சாயம் பூசி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாரும் வர மாட்டார்கள். அவருக்கு டீ கொடுக்கும்போது இத்தனை நாள் இரக்கமாக இருக்கும். அந்த வாரங்களில் பயமாக இருந்தது.

7

திதியன்று கச்சாயம் சுட்டு முடித்துப் படத்துக்கு முன் வைக்கும்போது வாசலில் கார் நின்றது.

அவள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து படத்தைக் கும்பிட்டாள். ஒரு கச்சாயத்தை எடுத்து நின்றுகொண்டே தின்றாள். ஜன்னல் வழியாக அவள் காரைப் பார்த்தேன். பின்சீட்டை மடக்கி, மேலே கம்பளி விரித்திருந்தது. ஒரு பெரிய தொட்டி வைக்கிற அளவு இடம்.

“செத்துப்போச்சுன்னு சொன்னனே கண்ணு.”

“சொன்ன. நான் பாக்கலியே,” என்றாள்.

கண்ணாடி அறைக் கதவு ஈரத்தில் ஊறி இறுகிப்போயிருந்தது. தோளால் இடித்துத் திறந்தாள். நான் பின்னாலேயே நின்றேன். தொட்டியில் கறுத்த கட்டை சரிந்து கிடந்தது. அவள் அதன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அப்பா போன அன்றைக்குக்கூட அவள் என் முன்னால் அழவில்லை. தொடலாமா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அம்மா.” அவள் திரும்பவில்லை. “இதெல்லாம் எதுக்கு இங்க போட்டு வெச்சிருக்க?”

“எது?”

“இந்தக் கொம்பெல்லாம்.”

“கழிச்ச தழைய மரத்தடியிலதான் கண்ணு போடுவாங்க.”

சுருங்கி, பாதி இலை உதிர்ந்து கிடந்த கிளைகளில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெட்டுவாய் காய்ந்து ஆறியிருந்தது. அதற்கு மேலே கணுவிலிருந்து நூல்நூலாக, வெளிர்ச்சிவப்பில் வேர் தொங்கியது. அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது. சேறும் தண்ணீரும் நான் காட்டாமல் விட்டவை மட்டும் பிழைத்திருந்தன. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவமானமாக இருந்தது.

அன்று பகல் முழுவதும் அவள்தான் வேலை செய்தாள். அழுகிய கட்டையை அள்ளிப் போட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைத்து, புது மண் நிரப்பி, தடித்த கிளை ஒன்றை நடுவில் ஊன்றினாள். ஒரு சாண் உயரம் இருக்கும். நான் குவளையை எடுத்தபோது கையிலிருந்து பிடுங்கி வைத்தாள்.

“ஊத்தாத. நான் சொல்றப்ப ஊத்து.”

மறுநாள் காலையில் கிளம்பினாள். தொட்டியைத் தூக்க நான் குனிந்தேன்.

“வேணாம். இங்கயே இருக்கட்டும். அப்பா எடம்.”

“இதுக்குத்தான வந்த? எடுத்துட்டுப் போ சாமி.”

அவள் அலமாரியிலிருந்து கவாத்துக் கத்தரியை எடுத்தாள். பின்சீட்டில் விரித்திருந்த கம்பளியில் சுற்றி, பக்கத்துச் சீட்டில் வைத்தாள்.

“அதையேன் கொண்டுபோற? நாளைக்கிச் செடி நீண்டா நான் என்னத்துல வெட்டறது?”

“வெட்டோணும்னா எனக்குப் போன் பண்ணு. நான் கொண்டாறேன்,” என்றாள். கார் போய்விட்டது.

இங்கே இப்போது வசந்தம். தினமும் காலையில் காபியோடு அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்து அந்தக் கொம்பின் நுனியைப் பார்க்கிறேன். இரண்டு இலை விட்டிருக்கிறது. வெட்டுகிற அளவுக்கு இன்னும் வளரவில்லை.